111 போன் ட்ரையாஜ் வேலை: சம்பளம், பதவிகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வார்டு வேலையிலிருந்து 111 மருத்துவ உதவி எண்ணுக்கு மாறிய நர்ஸ் நான். புதிதாக வந்த தமிழ் நர்ஸ்கள், அவர்களுடைய கணவன்மார், படிக்க வந்த பிள்ளைகள் என்று கோயிலிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்பவர்கள் பலர். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். சம்பளத் தொகைகள் இங்கிலாந்துக்கான 2025-26 அட்டவணைப்படி. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி அட்டவணை உண்டு.

அக்கா, 111-க்கு போன் பண்ணா எடுக்கறது டாக்டரா, நர்ஸா?

பெரும்பாலும் இரண்டு பேரும் இல்லை. முதலில் எடுப்பவர் ஹெல்த் அட்வைசர். அவர் மருத்துவப் படிப்பு படித்தவராக இருக்க வேண்டியதில்லை. என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை) பயன்படுத்தும் ‘பாத்வேஸ்’ என்ற மென்பொருள் காட்டும் கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்விக்குப் போவார். தேவைப்பட்டால் அழைப்பு கிளினிக்கல் அட்வைசருக்குப் போகும். அவர் நர்ஸாகவோ, ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் பாராமெடிக்காகவோ இருப்பார். அவருக்கும் அப்பால் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர், பார்மசிஸ்ட், பல் மருத்துவ நர்ஸ், மனநல நர்ஸ் எல்லாம் சேர்ந்த குழு ஒன்று உண்டு.

முன்பு இப்படி இல்லை. 1998-இல் தொடங்கிய என்ஹெச்எஸ் டைரக்ட் சேவையில் நர்ஸ்களே ஆலோசனை சொன்னார்கள். 2010-இல் டர்ஹம், டார்லிங்டன் பகுதியில் 111 சோதனையாகத் தொடங்கியது, 2013-இல் நாடு முழுக்கப் பரவியது, 2014 மார்ச்சோடு என்ஹெச்எஸ் டைரக்ட் மூடப்பட்டது. முதல் குரல் நர்ஸுடையதாக இருக்க வேண்டியதில்லை என்ற அந்த முடிவிலிருந்துதான் இன்றைய பதவி அடுக்கும் சம்பள அடுக்கும் வந்தன.

ட்ரையாஜ்னா என்ன நோய்னு கண்டுபிடிக்கிறதா?

இல்லை. எவ்வளவு அவசரம், எங்கே போக வேண்டும் என்ற இரண்டையும் முடிவு செய்வது. உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் விலக்குவார்கள்: மூச்சு, ரத்தப்போக்கு, நெஞ்சுவலி, சுயநினைவு. அப்புறம் படிப்படியாக அவசரம் குறைந்த கேள்விகள். முடிவில் ஆம்புலன்ஸ், ஒரு மணி நேரத்துக்குள் எமர்ஜென்சி, ஆறு மணி நேரத்துக்குள் ஜி.பி., பார்மசி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது போல ஒரு முடிவு வரும். பெயர் தெரியாத நோய்க்கும் சரியான முடிவு எடுக்க முடியும். வார்டிலிருந்து வரும் நர்ஸ்களுக்கு இது பழகச் சற்று நாளாகும், ஏனென்றால் நம் மனம் உடனே நோயின் பெயரைத் தேடும்.

ஹெல்த் அட்வைசர் ஆக நர்சிங் படிச்சிருக்கணுமா?

வேண்டாம். ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் இங்கத்திய ஜிசிஎஸ்இ (நம் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்றது) அல்லது அதற்கு இணையான தேர்ச்சி, தட்டச்சு வேகம், தெளிவான பேச்சு, இவற்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். சேர்ந்தபின் சில வாரம் வகுப்பு, தேர்வு, அப்புறம் ஒரு கோச் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நேரடி அழைப்புகள். தேர்ச்சி பெற்றால்தான் தனியாக அழைப்பு எடுக்கலாம். பயிற்சிக் காலத்தில் முழுநேர வகுப்பு கட்டாயமாக இருக்கும். பகுதிநேர வேலைக்குச் சேர்பவர்களும் அந்த வாரங்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டு வர வேண்டும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, சம்பளம் எவ்வளவு?

என்ஹெச்எஸ்-இல் டாக்டர்களையும் பல் டாக்டர்களையும் மிக உயர்ந்த நிர்வாகிகளையும் தவிர மற்றவர்களுக்கு 2004 முதல் ‘அஜெண்டா ஃபார் சேஞ்ச்’ என்ற பேண்ட் (சம்பளப் படிநிலை) முறை இருக்கிறது. ஹெல்த் அட்வைசர் பெரும்பாலும் பேண்ட் 3: ஆண்டுக்கு 24,937 பவுண்டில் தொடங்கி, இரண்டு ஆண்டு முடிந்தால் 26,598. மருத்துவக் கேள்விகள் இல்லாத எளிய அழைப்புகளை மட்டும் கவனிக்கும் சர்வீஸ் அட்வைசர் பதவி சில இடங்களில் உண்டு, அது பேண்ட் 2, 24,465. சீனியர் அட்வைசர், கோச் போன்றவர்கள் பேண்ட் 4, அதாவது 27,485 முதல் 30,162 வரை.

கிளினிக்கல் அட்வைசர் பெரும்பாலும் பேண்ட் 6. தொடக்கம் 38,682, இரண்டு ஆண்டு கழித்து 40,823, ஐந்து ஆண்டு முடிந்தால் 46,580. சீனியர் கிளினிக்கல் அட்வைசரும் ஷிஃப்டின் மருத்துவப் பொறுப்பாளரும் பேண்ட் 7, 47,810 முதல் 54,710 வரை. எல்லாம் வாரம் 37.5 மணி நேரத்துக்கு. உள் லண்டனில் 20 விழுக்காடு, வெளி லண்டனில் 15, லண்டனை ஒட்டிய பகுதிகளில் 5 விழுக்காடு கூடுதல் உண்டு. இந்தக் கூடுதலுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரே பதவிப் பெயருக்கு ஊருக்கு ஊர் பேண்ட் மாறுவதும் உண்டு. அதனால் விளம்பரத்தில் பெயரைவிட பேண்ட் எண்ணை முதலில் பாருங்கள்.

பேண்ட் 3-னா மாசம் கையில எவ்வளவு வரும்?

ஆண்டுக்கு 24,937 என்றால் மாதம் சுமார் 2,078. அதில் பென்ஷனுக்கு 6.5 விழுக்காடு, 12,570-க்கு மேல் உள்ள தொகைக்கு வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எல்லாம் போக ஏறக்குறைய 1,680 பவுண்டு வரும். வார நாள் பகல் வேலை மட்டும் செய்தால் அவ்வளவுதான். இந்தத் தொகையில் லண்டனில் தனியாக வீடு எடுத்து வாழ முடியாது, அதை மறைக்க வேண்டியதில்லை.

பென்ஷன் பிடித்தத்தைப் பார்த்துப் பலர் திட்டத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நீங்கள் 6.5 போட்டால் இங்கிலாந்தில் உங்கள் பெயரில் முதலாளி தரப்புக் கட்டணம் 23.7 விழுக்காடு. இவ்வளவு தரும் தனியார் வேலை அரிது.

அப்போ நைட், வீக்கெண்ட் பார்த்தா எவ்வளவு ஏறும்?

இந்த வேலையில் உண்மையான சம்பளத்தை நிர்ணயிப்பது இதுதான். ஜி.பி. கிளினிக்குகளின் வழக்கமான நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6.30. அவர்கள் கதவைச் சாத்தியதும் 111-இன் மணி அடிக்கத் தொடங்கும். அதனால் மாலை, இரவு, சனி, ஞாயிறு ஷிஃப்ட்கள் இங்கே தவிர்க்க முடியாதவை.

விதி இது. வார நாளில் இரவு 8 முதல் காலை 6 வரையும் சனிக்கிழமை முழுக்கவும் பேண்ட் 3-க்கு 35 விழுக்காடு கூடுதல், ஞாயிறும் அரசு விடுமுறையும் என்றால் 69. பேண்ட் 4 முதல் மேலே இருப்பவர்களுக்கு 30, 60. தொடர்ச்சியான இரவு ஷிஃப்டில் பாதிக்கு மேல் 8-க்கும் 6-க்கும் இடையே விழுந்தால் மொத்த ஷிஃப்டுக்கும் கூடுதல் உண்டு. பலர் சம்பளச் சீட்டில் இதைச் சரிபார்ப்பதே இல்லை. இரவு 10 முதல் காலை 8 வரை வேலை செய்துவிட்டு 6 மணிக்கு மேல் கூடுதல் வரவில்லை என்றால் கேளுங்கள், அது உங்கள் பணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேண்ட் 3 தொடக்க நிலையில் ஒரு மணிக்கு சுமார் 12.75 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை அது 21.55 ஆகிறது. செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு புதிய பேண்ட் 5 நர்ஸுக்கு மணிக்கு 15.88தான். மாதம் இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, தலா பத்து மணி நேரம் என்றால் வரிக்கு முன் சுமார் 265 பவுண்டு கூடும். ஆகவே வேலை பேசும்போது பேண்டைக் கேட்ட கையோடு ரோட்டாவையும் (ஷிஃப்ட் அட்டவணை) கேட்டு வாங்குங்கள்.

என்ஹெச்எஸ் லோகோ போட்டிருக்கு, ஆனா கம்பெனி பேரு வேற. அதே சம்பளமா?

அதே சம்பளம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 111-ஐ எல்லா இடத்திலும் ஒரே அமைப்பு நடத்துவதில்லை. சில பகுதிகளில் என்ஹெச்எஸ்-இன் அமைப்பான ஆம்புலன்ஸ் டிரஸ்ட், சில இடங்களில் லாப நோக்கில்லாத சமூக நிறுவனம், சில இடங்களில் தனியார் நிறுவனம். அழைப்பவருக்கு எண் ஒன்றுதான், வேலை செய்பவரின் ஒப்பந்தம் வேறு வேறு. டிரஸ்ட் என்றால் மேலே சொன்ன விதிகள் பொருந்தும். மற்ற இடங்களில் மணிக்கூலி கொஞ்சம் கூடவே இருந்தாலும், ஞாயிறு கூடுதல், பென்ஷன், நோய்க்கால ஊதியம் எல்லாம் குறைவாக இருக்கலாம்.

அஜெண்டா ஃபார் சேஞ்சில் முதல் ஆண்டிலேயே ஒரு மாதம் முழு நோய்க்கால ஊதியம், இரண்டு மாதம் பாதி. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆறு மாதம் முழுசு, ஆறு மாதம் பாதி. விடுப்பு ஆண்டுக்கு 27 நாளும் 8 அரசு விடுமுறையும். பத்து ஆண்டில் அந்த 27, 33 ஆகும். வேறு நிறுவனத்தின் ஒப்பந்தம் கையில் வந்தால் இவை ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஜென்சி என்றால் சொல்லும் மணிக்கூலிக்குள்ளேயே விடுப்புச் சம்பளம் அடங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஊர்ல இருந்து வந்து வார்டுல பேண்ட் 5 நர்ஸா இருக்கேன். கிளினிக்கல் அட்வைசரா போகலாமா?

போகலாம். நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சியில் பதிவு வேண்டும். பதிவுக்குப் பின் ஓரிரண்டு ஆண்டாவது அனுபவம், அதிலும் பலவகை நோயாளிகளைப் பார்த்த அனுபவம் எதிர்பார்ப்பார்கள். எமர்ஜென்சி, அக்யூட் மெடிக்கல் வார்டு, ஜி.பி. கிளினிக், கம்யூனிட்டி நர்சிங் எல்லாம் நன்றாக உதவும். பெரியவர்களை மட்டும் பார்த்து வந்தவர்கள் கைக்குழந்தை, கர்ப்பிணி அழைப்புகளுக்குத் தயாராக வேண்டும், ஏனென்றால் போனில் யார் வருவார் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

பணம் என்று பார்த்தால், பேண்ட் 5-இல் இரண்டு ஆண்டு முடித்தவர் 33,487 வாங்குகிறார். அவர் பேண்ட் 6 தொடக்கமான 38,682-க்குப் போனால் நல்ல ஏற்றம். ஆனால் நான்கு ஆண்டு முடித்து 37,796-இல் இருப்பவருக்கு அடிப்படையில் 886 பவுண்டுதான் கூடுகிறது. வாரம் இரண்டு இரவு பார்த்துவந்த அதே நர்ஸ் பகல் ரோட்டா கேட்டு 111-க்கு வந்தால், ஆண்டுக்கு சுமார் 6,000 பவுண்டு இரவுக் கூடுதலை விட்டுவிட்டு வருகிறார். அதாவது பதவி உயர்வு கிடைத்தும் கையில் வருவது குறையும். முதுகுவலிக்கும் குடும்பத்துக்கும் இது நல்லது என்றால் தாராளமாக வாருங்கள், ஆனால் தெரிந்தே வாருங்கள்.

111 கால் சென்டர் வேலைக்கு விசா ஸ்பான்சர் கிடைக்குமாமே?

ஹெல்த் அட்வைசர் வேலைக்குக் கிடைக்காது. 2025 ஜூலை 22 முதல் புதிய ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு வேலை பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. பேண்ட் 3 அந்த நிலையில் வராது. அதோடு ஹெல்த் அண்ட் கேர் விசாவின் குறைந்தபட்சச் சம்பளம் 25,000 பவுண்டு, 2025-26 அட்டவணையில் பேண்ட் 3 தொடக்கமே அதற்குக் கீழே இருந்தது. ஆகவே ஊரில் யாராவது ‘111 ஸ்பான்சர் வேலை’ என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து சுகாதார ஊழியர்களை எடுப்பதற்கான பிரிட்டன் நெறிமுறையே வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு அழும் குடும்பங்களைப் பார்த்த பிறகு இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. ஸ்கில்டு வொர்க்கரின் மனைவியோ கணவரோ டிபெண்டண்ட் விசாவில் இந்த வேலையைச் செய்யலாம். பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், பயிற்சி முழுநேரம் என்பதால் அங்கேயே சிக்கல் வரும். நர்ஸ் விசாவில் இருப்பவர் வேறு டிரஸ்டுக்கு மாறினால் புதிய ஸ்பான்சர்ஷிப்போடு விண்ணப்பித்து, அனுமதி வந்தபிறகுதான் அங்கே வேலையைத் தொடங்க வேண்டும்.

கம்ப்யூட்டர் காட்டறதை வாசிக்கிறதுதானே, இதுல என்ன திறமை இருக்கு?

வார்டில் இருக்கும் நண்பர்களே இப்படிக் கேட்கும்போது வருத்தமாக இருக்கும். கேள்வியைக் கணினி காட்டும், உண்மை. பதிலை வாங்குவது யார்? ‘மூச்சுத் திணறுதா’ என்று கேட்டால் ‘இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்’ என்பார் பெரியவர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்குவார். திரையில் ‘இல்லை’ என்று பதிந்துவிட்டுப் போவதும், காது சொன்னதை நம்பி மறுபடி கேட்பதும் ஒன்றாகாது.

மகள் அப்பாவுக்காக அழைத்தால், முடிந்தவரை அப்பாவிடமே போனைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். நம்மவர்களில் நெஞ்சில் வரும் அழுத்தத்தை ‘வாயு’ என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அழைப்பவர்கள் உண்டு. ‘நெஞ்சு வலிக்கிறதா’ என்றால் இல்லை என்பார்கள். இறுக்கமாக, கனமாக, யாரோ அழுத்துவது போல இருக்கிறதா, கைக்கோ தாடைக்கோ போகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். குழந்தையின் உதடு நீலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு நம் தோல் நிறத்தில் பதில் சொல்வது கடினம். நாக்கு, ஈறு, கண்ணிமையின் உட்புறம், உள்ளங்கை இவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தடிப்பு என்றால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்க்கச் சொல்லி, மறையவில்லை என்றால் அது மூளைக்காய்ச்சலோ செப்சிஸோ (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் உயிராபத்து நிலை) இருக்கலாம் என்று நொடியில் நகர வேண்டும்.

2014 டிசம்பரில் கார்ன்வாலில் ஒரு வயதுக் குழந்தை செப்சிஸால் இறந்தது. 2016 ஜனவரியில் வந்த என்ஹெச்எஸ் அறிக்கை ஜி.பி.க்கள் தவறவிட்டதையும், 111 அழைப்பில் ஒரு மருத்துவரிடம் பேச்சு போயிருக்க வேண்டும் என்பதையும், மென்பொருள் செப்சிஸைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமாக இல்லை என்பதையும் சொன்னது. கருவி மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? கேள்வி காட்டும் கணினிக்குக் காது கிடையாது.

தமிழ் பேசற பாட்டி வந்தா நான் தமிழ்லயே பேசிடலாமா?

ஆசையாக இருக்கும். ஆனால் முதலில் உங்கள் நிறுவனத்தின் விதியைக் கேளுங்கள். அழைப்பைப் பின்னர் கேட்டு மதிப்பிடுபவருக்குப் புரிய வேண்டும் என்பதால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்வார்கள். அழைப்பவர் ஆங்கிலத்தில் தன் மொழியின் பெயரைச் சொன்னாலே போதும், மொழிபெயர்ப்பாளர் இலவசமாக வருவார். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை எல்லோரும் சொல்லிக்கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதும் உங்கள் தமிழ் பயன்படும். ‘தலை கிறுகிறுப்பு’ என்றது வெறும் தலைவலியாக மாறி வந்தால் நீங்கள் பிடித்துத் திருத்திக் கேட்கலாம். மொழிக்கென்று தனிச் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள்.

ஏதாவது தப்பாயிட்டா என் என்எம்சி பதிவு போயிடுமா?

ஒரு அழைப்பில் தவறு நேர்ந்தாலே பதிவு போய்விடாது. எல்லா அழைப்பும் பதிவாகும், ஒவ்வொருவரின் அழைப்புகளிலும் சிலவற்றைத் தொடர்ந்து எடுத்துக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் குறைந்தால் முதலில் கோச்சிங், மறுபயிற்சி. மறைத்தல், பொய்யாகப் பதிதல், ஆபத்தான முடிவுகள் திரும்பத் திரும்ப வருதல், இவைதான் பெரிய விசாரணைக்குப் போகும்.

உங்களைக் காப்பது இரண்டு பழக்கம். மென்பொருளின் முடிவிலிருந்து விலகினால் ஏன் என்று எழுதுங்கள். ‘இது இது நடந்தால் மறுபடி அழையுங்கள், இது நடந்தால் அவசர எண்ணான 999’ என்று சொல்லாமல் எந்த அழைப்பையும் முடிக்காதீர்கள். ஹெல்த் அட்வைசருக்கு என்எம்சி போன்ற அமைப்பு கிடையாது, ஆனால் தனியாக அழைப்பு எடுக்கும் அனுமதியை நிறுத்திவைக்க முடியும். மரண விசாரணையில் யாரையும் சாட்சிக்கு அழைக்கலாம். அதனால் நர்ஸ்களின் சங்கமான ஆர்சிஎன் அல்லது பொதுச் சேவை ஊழியர் சங்கமான யூனிசனில் முதல் வாரமே சேர்ந்துவிடுங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கலாமா? லீவுல ஊருக்குப் போனா அங்கிருந்து?

கிளினிக்கல் அட்வைசர்களுக்குப் பல இடங்களில் வீட்டிலிருந்து வேலை உண்டு. பூட்டக்கூடிய தனி அறை, நம்பகமான இணையம், பக்கத்தில் யார் குரலும் கேட்காத அமைதி வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை. ஹெல்த் அட்வைசர்களைப் பெரும்பாலும் மையத்துக்கே வரச் சொல்வார்கள், அதுவும் புதிதில் நிச்சயமாக. ஊரிலிருந்து பார்ப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நோயாளி தகவல் பாதுகாப்பு, காப்பீடு இரண்டும் அதற்கு இடம் தராது.

ஊர்ல பிஎஸ்சி நர்சிங் படிச்சிட்டு இங்க ஹெல்த் அட்வைசரா இருக்கேன். எப்படி நர்ஸ் ஆகறது?

வழக்கமான வழி: ஆங்கிலத் தேர்வு, கணினியில் எழுதும் சிபிடி, செய்முறைத் தேர்வான ஆஸ்கி. ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தத்தில் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். ஆங்கிலத் தேர்வுக்குப் பதிலாக 2023 முதல் இன்னொரு வழியும் உண்டு. ஆங்கில வழியில் நர்சிங் படித்து, இங்கே சுகாதாரத் துறையில் பதிவில்லாத வேலையில் கடந்த இரண்டு ஆண்டில் பன்னிரண்டு மாதமாவது இருந்தவர்களுக்கு, முதலாளி தரும் ஆதாரத்தையும் என்எம்சி ஏற்கிறது. அந்தப் படிவத்தைப் பதிவு பெற்ற நர்ஸாக இருக்கும் மேலாளர் நிரப்ப வேண்டும். கால் சென்டரில் உங்கள் மேலாளர் நர்ஸாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் சேர்ந்த உடனேயே யார் கையெழுத்துப் போட முடியும் என்று விசாரித்து வையுங்கள். இந்தப் பாதையில் 24,937-இலிருந்து பேண்ட் 5 தொடக்கமான 31,049-க்கு வருகிறீர்கள், அப்புறம் பேண்ட் 6 வழி திறக்கும்.

இதுலயே மேல போக வழி இருக்கா, இல்ல கடைசி வரை போன்தானா?

இருக்கிறது. மருத்துவப் பதிவு இல்லாதவர்களுக்கு கோச், அழைப்பு மதிப்பீட்டாளர், டீம் லீடர், பயிற்சியாளர், ஷிஃப்ட் மேலாளர். ஆம்புலன்ஸ் டிரஸ்ட் என்றால் வேலையில் இருந்தபடியே பாராமெடிக் பட்டப்படிப்பு அப்ரெண்டிஸ்ஷிப் கிடைக்க வாய்ப்புண்டு, இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நர்ஸ்களுக்கு பேண்ட் 7-க்கு அப்பால் அட்வான்ஸ்டு பிராக்டிஷனர். அதற்கு முதுநிலைப் படிப்பும் மருந்து எழுதும் தகுதியும் வேண்டும். பேண்ட் 8ஏ, 55,690-இல் தொடங்கும். 999 அறையிலேயே அழைப்பைத் தீர்க்கும் கிளினிக்கல் ஹப் இன்னொரு கிளை. ஜி.பி. கிளினிக்குகளில் ட்ரையாஜ் நர்ஸ் வேலையும் உண்டு, ஆனால் அங்கே பேண்ட் முறை கட்டாயமில்லை, பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். மென்பொருளில் ஆர்வம் இருந்தால் டிஜிட்டல் மருத்துவப் பாதுகாப்பு அதிகாரி என்ற வேலை இருக்கிறது. போனில் உட்கார்ந்தவர்களுக்கு எந்தக் கேள்வி எங்கே சறுக்கும் என்று தெரியும் என்பதால் இது மிகப் பொருத்தமான அடுத்த படி.

பேண்ட் 3-ல இருந்துக்கிட்டே புதுசா வர்றவங்களுக்குக் கோச்சா உட்கார வைக்கறாங்க. கூடக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். பேண்ட் என்பது ஆளுக்கு இல்லை, வேலைக்கு. நீங்கள் செய்வது பணி விவரத்தில் உள்ளதை மீறினால் மறுமதிப்பீடு கோரும் உரிமை உண்டு. எந்தத் தேதியில், யாருக்கு, எத்தனை மணி நேரம் கோச் செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள். மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், சங்கப் பிரதிநிதியையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம்மவர்கள் ‘கேட்டால் தப்பா நினைப்பாங்க’ என்று தயங்கியே ஆண்டுகளை விடுகிறார்கள். பேண்ட் 3 உச்சத்துக்கும் பேண்ட் 4 தொடக்கத்துக்கும் இடையே ஆண்டுக்கு 887 பவுண்டு இருக்கிறது.

மனசு தாங்குமா அக்கா?

கடினம்தான். போனிலேயே ஒரு தாய்க்கு நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வந்ததும் இணைப்பு துண்டாகும், முடிவு தெரியாது. அடுத்த அழைப்பில் ஒருவர் காத்திருந்த கோபத்தில் திட்டுவார். அந்த மாதிரி அழைப்புக்குப் பின் சில நிமிடம் எழுந்து போகக் கேட்பது உங்கள் உரிமை, பலவீனம் இல்லை. அதிக ஞாயிறு, அதிகக் காசு என்று ஓவர்டைமை அடுக்குபவர்கள்தான் முதலில் சோர்ந்து விலகுகிறார்கள். மேலே போட்ட கணக்குகளைப் பார்த்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

இன்டர்வியூல என்ன கேட்பாங்க?

பெரும்பாலும் ஒரு போலி அழைப்பு இருக்கும்: அழும் தாய், கோபக்காரர், காது கேளாத பெரியவர். சரியான நோயைச் சொல்கிறீர்களா என்பதை அங்கே பார்க்க மாட்டார்கள். பதற்றமில்லாமல் பேசுகிறீர்களா, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்கிறீர்களா, சொன்னதைச் சரியாகப் பதிகிறீர்களா என்பதே முக்கியம். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை: ஆறு வார ரோட்டா மாதிரி ஒன்று, ஷிஃப்டில் எத்தனை கிளினிக்கல் ஆள் இருப்பார்கள், மதிப்பீட்டுக்குப் பிறகு கோச்சிங் எப்படி நடக்கும்.

தமிழ்நாட்டுல 108-ல கால் எடுத்த அனுபவம் இருக்கு. கணக்குல எடுப்பாங்களா?

விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். 108 தமிழ்நாட்டில் 2008 முதலும், ஆலோசனை சொல்லும் 104 எண் 2013 கடைசியிலிருந்தும் நடக்கின்றன. இங்கே உள்ளவர்களுக்கு அந்த எண்கள் தெரியாது. அதனால் ‘மாநிலம் முழுவதற்குமான அவசர ஆம்புலன்ஸ் அழைப்பு மையம்’ என்று விளக்கி, எந்த மாதிரி அழைப்புகள் எடுத்தீர்கள், டாக்டரிடம் எப்போது மாற்றினீர்கள் என்று எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். நேர்காணலில் இது நல்ல பலம்.

சம்பளத்தில் தானாகச் சேராது. தொடர்புள்ள வெளி அனுபவத்துக்காக பேண்டின் மேல்படியில் தொடங்க வைக்கும் அதிகாரம் முதலாளிக்கு உண்டு, ஆனால் அதை வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டால்தான் நடக்கும். பழைய நிறுவனத்திடமிருந்து பணிக்காலச் சான்றிதழை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொண்டு வாருங்கள்.